அம்மா ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் ஊரில்: செல்போனைத் துணையாக்கும் 17 குறிப்புகள்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கேன்சர் என்று தெரிந்தால், அடுத்த வாரமே இருவரும் பையோடு மதுரைக்குக் கிளம்பிவிடுவார்கள். பாலரெங்கபுரத்தில் அரசு மையம், இல்லையென்றால் தனியார் ஆஸ்பத்திரி. சிலர் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவார்கள், சிலர் செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போவார்கள். பிள்ளைகள் அப்பத்தா வீட்டிலோ அம்மாச்சி வீட்டிலோ இருப்பார்கள். அம்மாவின் குரல் அவர்களுக்கு வருவது ஒரு செல்போன் வழியாகத்தான். பயமுறுத்தும் யூடியூப் வீடியோவும், யாரோ அனுப்பும் போலி மருந்துச் செய்தியும் வருவது அதே செல்போன் வழியாகத்தான். மருந்து, சாப்பாடு, ஓய்வு பற்றியெல்லாம் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதற்குச் சீட்டு எதுவும் தருவதில்லை. அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. பிள்ளைக்கு முதலில் சொல்பவர் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கட்டும். வீட்டில் ஏதோ நடக்கிறது என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதையும், அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைப்பதையும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் சொல்லாவிட்டால் நடப்பதைவிடப் பயங்கரமான ஒன்றைத் தானே கற்பனை செய்துகொள்ளும். சிகிச்சைக்குக் கிளம்பும் முன் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிட்டால் வீடியோ காலில் சொல்லுங்கள். அப்போது பிள்ளையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: “அம்மா வயித்துல ஒரு கட்டி இருக்கு. அதுக்குப் பேரு கேன்சர். மதுரையில டாக்டருங்க மருந்து குடுக்குறாங்க. நீ சேட்டை பண்ணுனதால இது வரல. என்னைத் தொட்டா உனக்கு ஒட்டாது. நான் வர்ற வரைக்கும் அப்பத்தா உன்னைப் பாத்துக்குவாங்க.” தன்னால் வந்ததா, தனக்கும் வருமா, இனித் தன்னை யார் பார்ப்பார்கள்: இந்த மூன்றும் கேட்காமலே பிள்ளைகளின் மனதில் இருக்கும் கேள்விகள். அதனால் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுங்கள்.

2. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையிடம் “கட்டி” என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். எந்த இடத்தில் கேன்சர், என்ன சிகிச்சை, எத்தனை மாதம் ஆகும் என்பதைச் சொல்லுங்கள். “கண்டிப்பா சரியாயிடும்” என்று சத்தியம் செய்யாதீர்கள். “சரியாகணும்னுதான் எல்லாரும் பாடுபடுறோம். என்ன ஆனாலும் உங்கிட்ட மறைக்க மாட்டோம்” என்று சொல்லலாம். இந்த வாக்கைக் கொடுத்தால் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

3. மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஒரே கேள்வியை நாளுக்குப் பத்து முறை கேட்கும். பத்து முறையும் அதே பதிலை, அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நிறுத்திவிட்ட படுக்கை நனைப்பு மறுபடி வரலாம், ராத்திரி தனியாகப் படுக்க மறுக்கலாம். அதற்காகத் திட்ட வேண்டாம்.

4. நம் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சையைக் “கரண்ட் வைக்கிறாங்க” என்றுதான் பேசுகிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஷாக் அடிப்பதுதான் நினைவுக்கு வரும். எக்ஸ்ரே எடுப்பதுபோல அம்மா ஒரு மேஜையில் படுத்திருப்பாள், சில நிமிடம் மெஷின் சுற்றிவரும், அப்போது வலிக்காது என்று விளக்குங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் இந்தச் சிகிச்சை முடிந்து வரும் அம்மாவைப் பிள்ளை தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். தைராய்டு கேன்சருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்திருந்தால் மட்டும், டாக்டர் சொல்லும் நாள்வரை குழந்தைகள் தள்ளியிருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த மெஷின் அறையின் சுவர்கள் மிகத் தடிமனான கான்கிரீட். உள்ளே டவர் கிடைக்காது. “பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டோம், வெளிய வந்ததும் நாங்களே கூப்பிடுவோம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நான்கு தடவை அடித்தும் எடுக்காத போன் ஒரு பிள்ளையை எவ்வளவு கலங்கடிக்கும் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

5. முடி உதிர்வதை, உதிரும் முன்பே சொல்லிவிடுங்கள். முடியை உதிர்க்கும் கீமோ மருந்துகளில், முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் உதிர்வு தொடங்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் திரும்ப முளைக்கும். இருக்கன்குடியில் முடி இறக்கிப் பார்த்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு மொட்டை புதிதல்ல. ஆனாலும் திடீரென்று வீடியோ காலில் அப்படி ஓர் அம்மாவைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும். முதலில் ஒரு போட்டோ அனுப்புங்கள். பிள்ளை பார்த்துப் பழகிய பிறகு கால் செய்யுங்கள். பார்க்க மாட்டேன் என்று சொன்னால் சில நாள் குரல் மட்டும் போதும்.

6. வீடியோ காலுக்கு ஒரு நேரம் வையுங்கள். தாத்தா மில்லில் ஷிப்ட் பார்ப்பவர் என்றால் அதற்கேற்ப, டியூஷன் விட்டு வந்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் என்று ஏதாவது ஒரு நேரம். “நல்லா இருக்கியா, சாப்பிட்டியா” என்று கேட்டு முடித்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் பிள்ளைகள் விழிப்பார்கள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் அம்மா படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கட்டும். வாய்ப்பாடு ஒப்பிக்கலாம், நாய்க்குட்டியைக் காட்டலாம், சும்மாவும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கிறாள் என்ற உணர்வுதான் பிள்ளைக்கு வேண்டும். அழுகை வந்தால் அழட்டும். “அம்மா முன்னாடி அழாத” என்று பின்னாலிருந்து அதட்டும் பெரியவர்களைத் தயவுசெய்து தடுங்கள்.

7. கீமோ போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் பலருக்கு எழுந்து உட்காரவே முடியாது. அந்த நாட்களுக்கென்று முன்பே சில வாய்ஸ் மெசேஜ்களைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிடக் கதையாக இருக்கலாம், “தலைக்கு எண்ணெய் வச்சுக்கோ” என்ற ஒரு வரியாகவும் இருக்கலாம். ராத்திரி தூங்கும் முன் அப்பத்தா அதைப் போட்டுக் காட்டட்டும்.

8. சிவகாசி மாதக் காலண்டர் ஒன்றைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். கீமோ நாளுக்குச் சிவப்பு, அம்மா ஓய்வெடுக்கும் நாட்களுக்கு மஞ்சள், ஊருக்கு வரும் நாளுக்குப் பச்சை. பிள்ளையே வண்ணம் தீட்டட்டும். பல கீமோ சிகிச்சைகள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும், கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் என்று சில வாரம் ஓடும். எப்போது வருவார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளைக்குப் பாதிப் பதற்றம் அடங்கும். ரத்த அணுக்கள் குறைந்து ஊசி தள்ளிப்போவது சகஜம். அதனால் “டாக்டர் தேதியை மாத்தலாம்” என்பதையும் சொல்லி வையுங்கள்.

9. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து உறவினருக்கு அனுப்பும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதே போனில்தான் பிள்ளை கேம் விளையாடுகிறது, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பைப் பார்க்கிறது. கேலரியில் கிடக்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடித்து, கூகுளில் போட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ரிப்போர்ட்டுகளைப் பூட்டு உள்ள போல்டரில் வையுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் தனிக் குரூப் தொடங்குங்கள். அதில் ஒருவர் மட்டும், பெரியப்பாவோ சித்தியோ, தினமும் தகவல் போடட்டும். நோயாளியின் கணவரோ மனைவியோ நாற்பது பேருக்கு நாற்பது தடவை பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

10. யூடியூப்பில் கேன்சர் பற்றி இரண்டு வீடியோ பார்த்தால் போதும், அடுத்தடுத்து அதுவே வரும். அழுதுகொண்டே பேசுபவர்கள், “டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்” என்ற தலைப்புகள், கடைசி நாள் காட்சிகள். பொதுவாகப் பயன்படுத்தும் போனில் இவற்றைத் தேடாதீர்கள். ஏற்கெனவே தேடியிருந்தால் செட்டிங்ஸில் பார்த்த வரலாற்றையும் தேடிய வரலாற்றையும் அழித்துவிடுங்கள், தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்துங்கள். பிள்ளை எதையாவது பார்த்துவிட்டால் போனைப் பிடுங்க வேண்டாம். “என்ன பாத்த? என்ன புரிஞ்சுச்சு?” என்று கேளுங்கள்.

முள்சீத்தா இலை, சமையல் சோடா, ஏதோ ஓர் ஊர் லேகியம் என்று வரும் செய்திகளைப் பிள்ளைகள் நம்பிக்கையோடு எடுத்து வந்து காட்டுவார்கள். அம்மாவைக் காப்பாற்றும் மருந்து தன் கையில் கிடைத்துவிட்டது என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. சிரித்து ஒதுக்காமல் “அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேக்குறேன்” என்று சொல்லி, உண்மையாகவே கேட்டு, பதிலை வந்து சொல்லுங்கள்.

11. அம்மா ஊர் திரும்பிய பின் கவனிக்க வேண்டியவை. கீமோ முடிந்த 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர் ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுத்தம் செய்பவர் கையுறை போடட்டும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றட்டும், அம்மாவின் துணியைத் தனியாகத் துவைக்கட்டும். பக்கத்தில் படுப்பதற்கும் முத்தம் கொடுப்பதற்கும் பொதுவாகத் தடையில்லை. பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் என்றால் மட்டும் அடுத்த அறையிலிருந்தே வீடியோ கால் பேசலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அப்போதே ஆஸ்பத்திரி.

அம்மை விஷயத்தில் நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தித்தான் ஆக வேண்டும். பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ அம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டுங்கள், மஞ்சள் நீர் ஊற்றுங்கள், சாமியை வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் கீமோ எடுக்கும் அம்மாவை உடனே வேறு வீட்டில் வைத்து, அன்றைக்கே அவருடைய டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் உடம்பில் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடும் என்பதால் தள்ளிப்போட நேரமில்லை.

12. பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். அம்மா படுத்துவிட்டால் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கையில் கரண்டி வந்துவிடுகிறது. பால்கோவா வாங்கிக்கொண்டு பார்க்க வருபவர்களும் “இனிமே நீதான்மா வீட்டைப் பாத்துக்கணும், தம்பிக்கு நீதான் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ அது, அம்மா இனி எழ மாட்டாள் என்று காதில் விழுகிறது. சின்னச் சின்ன உதவி கேட்கலாம், கேட்பது நல்லதும்கூட: தண்ணீர் பாட்டில் நிரப்புவது, மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவது. சமையலுக்கு உறவிலும் தெருவிலும் ஆள் பிடியுங்கள். “என்ன உதவி வேணும்?” என்று கேட்பவர்களிடம் கூச்சப்படாமல் “செவ்வாக்கிழமை ராத்திரிச் சாப்பாடு நீங்க குடுங்க” என்று சொல்லுங்கள்.

13. வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், வகுப்பு முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை. மார்க் குறைவதற்கும், சம்பந்தமில்லாமல் சண்டை போடுவதற்கும் காரணம் தெரிந்தால் ஆசிரியர் நடத்தும் விதமே மாறும். பெற்றோர் குரூப்பில் இந்தச் செய்தியைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் மாணவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும். சிகிச்சைச் செலவுக்காக இணையத்தில் உதவி கேட்பதானால், அழும் பிள்ளையின் போட்டோவும் பள்ளிப் பெயரும் அதில் வேண்டவே வேண்டாம். சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

14. பேச ஆள் வேண்டும் என்றால் எங்கே போவது? டெலி மானஸ், எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளையும் பேசலாம், பார்த்துக்கொள்ளும் பாட்டியும் பேசலாம். “நானும் செத்துப்போறேன்” என்று பிள்ளை சொன்னால் சும்மா சொல்கிறது என்று விடாமல் அப்போதே கூப்பிடுங்கள், தனியாகவும் விடாதீர்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. அடையாறு போகிறவர்களுக்கு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1954இல் உருவாக்கிய அந்த நிறுவனத்தில், நோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்கவே தனித் துறை இருக்கிறது. ஓ.பி.யில் கேட்டால் வழி சொல்வார்கள். வேறு ஆஸ்பத்திரியாக இருந்தாலும், “பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றதுன்னு கவுன்சிலர்கிட்ட பேசணும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பெற்றோரின் கேன்சரால் தவிக்கும் பிள்ளைகளுக்கென்றே வெளிநாடுகளில் அமைப்புகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கேன்டீன் 1985இல் தொடங்கியது, அதே நிலையில் இருக்கும் இளையவர்கள் இணையம் வழியாக ஒருவரோடொருவர் பேச வழி செய்கிறது. அமெரிக்காவில் கேம்ப் கெசம் இந்தப் பிள்ளைகளுக்காக முகாம் நடத்துகிறது. பிரிட்டனின் ரிப்ராப் இணையதளம் பதின்வயதினருக்கானது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பதின்வயதினருக்கென்றே ஒரு கையேட்டை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரியோ படிக்கும் அக்கா அதைப் படித்துத் தம்பிக்குத் தமிழில் சொல்லலாம். நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று தமிழிலேயே வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளும் அரசும் மனது வைத்தால் கையேடாவது போடலாம், அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

15. பணம் பற்றிய குறிப்பு இது, தவறவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விவரத்துக்கு 1800 425 3993. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழை வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாதது பிள்ளைகளுக்கான உதவி. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உயிருக்கு ஆபத்தான நோயால் பெற்றோர் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, வீட்டிலேயே வளர்ந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. விருதுநகரில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, டாக்டர் சான்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

16. பண்டிகையை நிறுத்த வேண்டாம். ஆடிப்பூரத் தேர் அன்று அம்மா மதுரையில் இருந்தாலும் பிள்ளைகள் வடம் தொட்டு வரட்டும், புதுச்சட்டை போடட்டும். கூட்டத்தில் நெட் திணறும், நேரலையில் காட்ட முயன்று ஏமாறுவதைவிட, வீடியோ எடுத்துவைத்து வீட்டுக்கு வந்து அனுப்புவது மேல். சிரித்து விளையாடியதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளும் பிள்ளைகள் உண்டு. “நீ தேர் பாத்தது எனக்குச் சந்தோஷம்” என்று அம்மாவே சொல்லட்டும்.

17. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. சில வேளை சிகிச்சை கைகொடுப்பதில்லை. டாக்டர் அப்படிச் சொன்னதும் பிள்ளைகளிடமிருந்து மறைக்கத்தான் தோன்றும். ஆனால் விடைபெற வாய்ப்புக் கிடைக்காமல் போன வலியைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் சுமக்கிறார்கள். “டாக்டருங்க குடுத்த மருந்து கேக்கல. அம்மா செத்துப்போயிடுவாங்கன்னு நெனைக்கிறோம்” என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். “தூங்கிட்டாங்க”, “ஊருக்குப் போயிருக்காங்க” என்று சொன்னால், சிறு குழந்தை தூங்கவே பயப்படும், வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நேரில் அழைத்துப் போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் வீடியோ காலாவது. பதில் பேச முடியாத நிலையிலும் பிள்ளை பேசட்டும். வலியோடு வீட்டில் இருப்பவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்புச் செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

7ஆவது குறிப்பில் சொன்ன வாய்ஸ் மெசேஜ்களை இன்றைக்கே கூகுள் டிரைவிலோ பென்டிரைவிலோ சேமித்து வையுங்கள். போன் உடைந்தாலோ மாற்றினாலோ அவை காணாமல் போய்விடும். நலமாகித் திரும்பும் வீட்டில் அவை நினைவுப் பொருள். திரும்பாத வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் குரல் அது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு வேலை. 14416, 104, 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளையின் பள்ளி டைரியின் உள் அட்டையில் ஒட்டுங்கள். உங்கள் வீட்டில் இந்த நோய் இல்லாவிட்டாலும் ஒட்டுங்கள். அந்த வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அது தேவைப்படலாம்.